சோலி என்ற சொல்லுக்கு நான் எழுதிய பொருள்

தம்பி,

மகனே என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். உன்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முப்பத்தெட்டு வயதாகி, சென்னையில் ஒரு பதிப்பகத்தையே நடத்துகிறாய், ஆனாலும் இந்த வீட்டில் நீ தம்பிதான். நீ அனுப்பிய அச்சுப்படிகள் பத்து நாளைக்கு முன்பே அட்டுவம்பட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டன. தினமும் போனில், "பாத்தீங்களாம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்கிறாய். நான் கண் வலி என்கிறேன், கரண்ட் இல்லை என்கிறேன், மழை என்கிறேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை. கரண்டும் இருக்கிறது. மழை மட்டும்தான் உண்மை. உன் மொழிபெயர்ப்பை வந்த அன்றைக்கே முழுக்க வாசித்துவிட்டேன். எழுபதை நெருங்கும் உன் அம்மாவுக்கு அவளுடைய இங்கிலீஷ் புத்தகத்தையே தமிழாக்கிப் பரிசாகத் தர வேண்டும் என்று ஒன்றரை வருடம் உட்கார்ந்திருக்கிறாய். நன்றாகவும் வந்திருக்கிறது. நன்றாக வந்திருப்பதுதான் இப்போது என் சங்கடம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தைப் பற்றி நான்கு நாளைக்கு முன்பு உன்னிடம் பாதி சொன்னேன். புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது, தப்பு, திருத்த வேண்டும் என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "அதுக்கென்னம்மா, ஒரு அடிக்குறிப்பு போட்டாப் போதும்" என்றாய். மீதிப் பாதியைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வகுப்பில் முப்பத்து மூன்று வருடம் பேசியவளுக்குப் பேச்சு வரவில்லை என்றால் உனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். இதை முழுக்க வாசித்த பிறகு போன் செய், அதற்கு முன்னால் வேண்டாம்.

நான் எப்படி இந்த வேலைக்குள் விழுந்தேன் என்று நீ உன் பின்னட்டையில் அழகாக எழுதியிருக்கிறாய். பழனி அடிவாரத்துப் பூஜைச் சாமான் கடைக்காரர் மகள், இங்கிலீஷ் எம்.ஏ., கொடைக்கானல் பெண்கள் கல்லூரியில் பேராசிரியர், சனிக்கிழமை தோறும் டேப் ரெக்கார்டரோடு மலைக்கிராமங்களுக்குப் போனவர் என்றெல்லாம். எல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் உன்னை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதை நாகரிகமாக விட்டுவிட்டாய். டெலிபோன் ஆபீசில் ஐந்து நாள் உழைத்துவிட்டு வந்த உன் அப்பாதான் பார்த்துக்கொண்டார். என் கல்லூரியில் கேட்பார்கள், "இங்கிலீஷ் டிபார்ட்மெண்டுக்கு ஒப்பாரி எதுக்கு மேடம்? அது தமிழ் டிபார்ட்மெண்ட் சோலி இல்லையா?" மூடுபனிக்குள் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்துகொண்டு, நாங்கள் யாருமே பார்த்திராத லண்டன் தெருக்களைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்த எனக்கு, இருபது மைல் தள்ளி ஒருத்தி பாடுகிற பாட்டு தெரியாது என்பது அவமானமாக இருந்தது. அந்த அவமானம் நல்ல அவமானம். இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நீ இரண்டாம் வகுப்பில் உன் டீச்சரிடம், "எங்கம்மா அழுகை சேகரிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நினைத்து உன் அப்பா சாகும்வரை சிரித்தார்.

உனக்கு எட்டு வயதில் அம்மை போட்டது. அந்தச் சனிக்கிழமைதான் பாச்சலூர் பக்கத்திலிருந்து ஆள் வந்து சொல்லியிருந்தார்கள், வெள்ளையம்மா பாடச் சம்மதித்துவிட்டது என்று. ஐந்து மாதமாக நான் கேட்டுக் கேட்டு அலைந்த பாட்டு. வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும்போது ஒப்பாரி கேட்கக் கிளம்புகிற தாயை எந்த ஊரிலும் பார்க்க முடியாது. உன் அப்பா ஒன்றுதான் சொன்னார்: "போறதுன்னா வெரசாப் போயிட்டு வெரசா வந்துரு. புள்ள கண்ணு முழிச்சா நான் என்ன சொல்லட்டும்?" நான் போனேன். நீ கண் விழித்து என்னைத் தேடினாயாம். இதை ஒரு தாயாக உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். ஆனால் அந்த நாளில் நான் செய்த தப்புகளில் அது சின்னது.

வெள்ளையம்மாவின் புருஷன் இலவமரத்திலிருந்து விழுந்து இறந்தவர். காய் இறக்க ஏறியவர் பாதி மரத்தில் கொப்பு முறிந்து விழுந்தார். அப்போது பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள், வெள்ளையம்மாவின் அண்ணன் கருப்பையா. விளக்கு ஏற்றுகிற வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பதால், வெள்ளையம்மா என்னைக் காப்பித் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒரு பாறை மேல் உட்கார்ந்து பாடியது. நீயும் கேட்டிருக்கிறாய், என் பழைய மாணவி கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தபோது அந்தக் குரல் உனக்குப் பிடித்திருந்தது. நடுவில் இந்த வரிகள் வரும்:

இலவங்காய் வெடிக்குமுன்னே – என் ராசா
எறங்கி வந்து சேரலியே
கூடப் பெறந்தவரு – ஒங்க
சோலி முடிச்சாரே
தோளுமேலே போட்டுக்கிட்டுத்
தூக்கி வந்து சேத்தாரே

நான் பழனிக் கடைவீதியில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து 'ஒஞ்சோலிய முடிச்சிருவேன்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். செத்துப்போன புருஷனைப் பார்த்து, என் அண்ணன் உங்கள் சோலியை முடித்துவிட்டான், தோளில் தூக்கி வந்து போட்டுவிட்டான் என்று ஒருத்தி பாடுகிறாள். போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் மாணவிகளுக்கு நான் போட்டிருந்த சட்டம் உனக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும் பாடியவரிடம் வரிவரியாக உட்கார்ந்து அர்த்தம் கேட்க வேண்டும், தெரிந்த சொல்லாக இருந்தாலும் கேட்க வேண்டும். அன்றைக்கு வெள்ளையம்மாவிடம் மற்ற எல்லா வரியையும் கேட்டேன். காய் பறிக்கிற தொரட்டிக்குக்கூட அர்த்தம் கேட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு ஆபத்து, கேட்காமல் புரிந்துகொள்வதுதான் நாகரிகம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் புரிந்துவிட்டது என்கிற கர்வம். தெரியாதவன் கேட்டுவிடுவான் தம்பி, அரைகுறையாகத் தெரிந்தவன்தான் கேட்க மாட்டான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். அந்த வரியை இங்கிலீஷில், 'என் உடன்பிறந்தவனே உன்னைத் தீர்த்தான்' என்று ஆக்கினேன். அதை வைத்து முன்னுரையில் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். புத்தகம் வந்தது, பெயர் வந்தது. எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் அந்த வரியைத்தான் சொல்லச் சொல்வார்கள். ஒரு கொலையைத் துணிந்து காட்டிக்கொடுத்த மலைக்காட்டுப் பெண்ணின் குரல் என்று என்னைவிட நன்றாக மற்றவர்கள் கட்டுரை எழுதினார்கள். பாடியவர் பெயர், ஊர், உறவுமுறை, அண்ணன் பெயர் எல்லாவற்றையும் பின்குறிப்பில் சுத்தமாகப் போட்டிருந்தேன். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் போட வேண்டும். உன் அப்பா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சொல்லுவாங்க. நீ ரெண்டு வேலையையும் ஒரே ஆளா செஞ்சிருக்கியா, இல்ல ஒண்ணுதானா?" என்று கேலி செய்தார். அவர் எதையும் தெரிந்து சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார்.

புத்தகம் வந்து நாலு வருடம் கழித்து இன்னொரு பாட்டுக்காக வெள்ளையம்மாவைப் பார்க்கப் போனேன். பேச்சோடு பேச்சாக, எப்படி அவ்வளவு தைரியமாக அண்ணனைப் பற்றிப் பாடினாய் என்று கேட்டேன். அது காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தது. கை நிற்கவில்லை. "தைரியம் என்ன டீச்சர்? உள்ளதத்தான படிச்சேன். எம்புருசன் பாதி மரத்துல விட்டுட்டுப் போன சோலிய எங்கண்ணன்தான் ஏறி முடிச்சாரு. எம்புருசன் விழுந்த அதே மரம். காரியம் முடிஞ்ச மறுநா வெள்ளனே ஏறுனாரு. பஞ்சு மூட்டையத் தோள்லயே சொமந்து எங்க வீட்டுல கொண்டாந்து சேத்தாரு. இல்லாட்டி அந்த வருசம் எம்புள்ளைக என்னத்தத் தின்னுருக்கும்?" என்றது. சோலி என்றால் வேலை. அவ்வளவுதான். தூக்கி வந்தது பிணமில்லை, பஞ்சு மூட்டை. உலகத்தில் எந்தப் பெண்ணும் அண்ணனுக்குச் சொல்லாத நன்றியை அது சொல்லியிருந்தது. நான் அதைக் கொலைக்குற்றமாக்கி, அட்டை போட்டு விற்றிருந்தேன்.

அன்றைக்குக் கருப்பையா வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். 'டீச்சருக்குச் சீனி கூடப் போடு' என்று அவர் உள்ளே பார்த்துச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. பண்ணைக்காடு வருவதற்குள் பதிப்பாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எழுதவில்லை. அப்போது எனக்குத் துறைத்தலைவர் பதவிக்கான நேர்காணல் இருந்தது என்று சொல்லலாம். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் வேறு. புத்தகம் இங்கிலீஷில்தானே இருக்கிறது, பாச்சலூரில் யார் வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பாடியவர்களுக்கு எட்டாத மொழியில் அவர்களை வைத்துவிட்டு, அதையே எனக்குப் பாதுகாப்பாகவும் வைத்துக்கொண்டேன். இதைவிடக் கேவலமாக நான் வேறெதையும் நினைத்ததில்லை. அடுத்த அச்சு வந்தபோது சொல்லவில்லை. அதற்கடுத்து வந்தபோது, போனமுறை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. புலிவாலைப் பிடித்தவன் கதைதான். மேடையில் அந்த வரியைச் சொல்லச் சொல்லும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாமா என்றிருக்கும். ஓட முடியாது, சால்வையைக் கழுத்தில் போட்டுவிடுவார்கள்.

இப்போது நீ அதைத் தமிழாக்கினாய். 'என் அண்ணனே உங்களைத் தீர்த்துக்கட்டினான்' என்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறாய். உன்மேல் தப்பில்லை, என் இங்கிலீஷுக்கு அதுதான் தமிழ். வெளியீட்டு விழாவைப் பாச்சலூரிலேயே வைத்து, முதல் பிரதியைக் கருப்பையா கையில் கொடுக்கப்போவதாக வேறு சொல்கிறாய். காரணம் சொல்லாமல் புத்தகத்தை நிறுத்தச் சொல்ல முடியாது, காரணத்தைச் சொல்ல எனக்கு முகம் இல்லை. பத்து நாளாக இந்த வீட்டுக்குள் மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். வெளியே மூடுபனி, பக்கத்து வீடுகூடத் தெரியவில்லை. ஒருநாள் அச்சுப்படிகளை அடுப்பில் வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். உன் கம்ப்யூட்டரில் இன்னொன்று இருக்கிறது என்பது நினைவு வந்து எனக்கே சிரிப்பு வந்தது.

போன செவ்வாய்க்கிழமை கிளம்பி, தாண்டிக்குடி வரை பஸ், அதற்கு மேல் ஜீப் என்று போய்ச் சேர்ந்தேன். வெள்ளையம்மா இல்லை, இரண்டு வருடத்துக்கு முன்பு போய்விட்டது என்று உனக்குத் தெரியும். எனக்கு அப்போது காய்ச்சல், போகவில்லை. கருப்பையா வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்குகிறார், முதுகு மட்டும்தான் வளைந்திருக்கிறது. "வாங்க டீச்சர், எம்புட்டு நாளாச்சு" என்று பாயை உதறிப் போட்டார். நான் சுற்றி வளைக்காமல், என் புத்தகத்தில் உங்கள் தங்கச்சி பாட்டு ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று தொடங்கினேன். அவர் கை மிளகின் மேல் நின்றது.

"தெரியும் டீச்சர்" என்றார்.

அவருடைய பேத்தி கவிதா ஒட்டன்சத்திரம் பக்கம் கல்லூரியில் இங்கிலீஷ் படிக்கிறபோது என் புத்தகம் பாடமாக வந்திருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்பு, தாத்தா பெயர் புத்தகத்தில் இருக்கிறது என்று சந்தோஷமாகக் கொண்டுவந்து, வாசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாளாம். இவர்தான் அதட்டி மீதியைச் சொல்ல வைத்தாராம்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமேண்ணே" என்றேன்.

"ஒங்ககிட்ட என்னத்தக் கேக்க? நீங்க படிச்சவுக, தப்பா எழுத மாட்டீகன்னு நெனச்சேன். என்னயப் பெத்தவ வயித்துல பெறந்தது மனசுல இப்படி ஒண்ண வச்சுக்கிட்டுத்தான் எங்கையால சோறு வாங்கித் தின்னுச்சான்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் அது வீட்டுப் பக்கம் போகல. 'ஏண்ணே வரமாட்டேங்குற'ன்னு ஆள் மேல ஆள் விட்டுக் கேட்டுச்சு. நான் சொல்லல. செத்தப்ப, பெறந்த வீட்டுக் கோடித்துணிய நாந்தான டீச்சர் போடணும்? பங்காளி கையில குடுத்துவிட்டேன். இங்கனயே உக்காந்திருந்தேன். பறைச்சத்தம் இங்க கேட்டுச்சு."

போனை எடுத்துப் பாட்டைப் போட்டேன். அந்த வீட்டுக்குள் ஒப்பாரி போடக் கூடாதென்பதுகூட நினைவில்லை. அவரே எழுந்து, "வாங்க, வெளிய போயிருவம்" என்று வேலி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு முறை கேட்டார். முதல் முறையிலேயே புரிந்துவிட்டது அவருக்கு. "பஞ்சு மூட்டையச் சொல்லுது. மூட்டையத்தான சொல்லுது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் இத்தனை வருடப் படிப்புக்கு எட்டாத ஒன்று அவருக்கு ஒரே மூச்சில் விளங்கியது. பெரிய மனுஷர் வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன், தம்பி. நானும் அழுதேன்.

அழுது முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "இது தப்புன்னு எப்பத் தெரிஞ்சது ஒங்களுக்கு?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். வழியெல்லாம் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்தேன், "இப்பத்தாண்ணே. தம்பி அச்சுத்தாள் அனுப்பி, அதுல பாத்தப்பத்தான் தெரிஞ்சுச்சு" என்று வந்தது.

அவர் நம்பினார். "விடுங்க டீச்சர். யானைக்கே அடி சறுக்கும். நீங்க என்ன வேணும்னா செஞ்சீக?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஜீப் வரும்வரை கூடவே நின்றார். ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கட்டிக் கொடுத்தார். பழனிக்காரிக்கு மலைவாழையின் அருமை தெரியும் என்று கேலி வேறு. அந்தப் பழம் மேஜையில் இருக்கிறது. தொடவில்லை, கறுத்துக்கொண்டு வருகிறது.

நீ என் பிள்ளை, என்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பாய். வரியைத் திருத்தினால் போதும், பெரியவரே மன்னித்துவிட்டார், செத்தவர் செத்துவிட்டார், இனி எதற்கு என்று சொல்வாய். நானும் நாலு நாளாக அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர் மன்னித்தது அறியாமல் தப்புச் செய்த ஒருத்தியை. அவள் நானில்லை. வெள்ளையம்மா சாவதற்கு முன் எத்தனை வருடம் இருந்தது! நான் எந்தச் சனிக்கிழமை நினைத்திருந்தாலும் ஒரு திருத்தம் எழுதியிருக்கலாம், கவிதா கையில் அந்தப் பக்கம் வேறு மாதிரி வந்திருக்கும், அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். நீயும் அடுத்தவர் சொல்லை அச்சடிக்கிற தொழிலில் இருக்கிறாய். தப்பு வரும். தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் சொன்னால், அது இரண்டு தப்பாகிவிடும்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் 'என் அண்ணன் நீங்கள் விட்ட வேலையை முடித்துக் கொடுத்தார், மூட்டையைச் சுமந்து வந்து சேர்த்தார்' என்று திருத்து. கீழே வெள்ளையம்மாவின் வரிகளை அப்படியே போடு. என்னுடைய பன்னிரண்டு பக்க முன்னுரையை எடுத்துவிடு. அந்த இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடு, ஒரு வரிகூடக் குறைக்காமல். அம்மை போட்ட கதை உனக்குக் கூச்சமாக இருந்தாலும் இருக்கட்டும். இங்கிலீஷ் பதிப்பாளருக்கு நானே எழுதிவிட்டேன், இன்று காலை தபாலில் சேர்த்தாயிற்று. விழாவைப் பாச்சலூரிலேயே வை. முதல் பிரதியை அவருக்கே கொடு. நான் வருவேன். முன்வரிசையில் உட்கார மாட்டேன், ஆனால் வருவேன்.

கருப்பையாவுக்கு எழுத்து வாசிக்க வராது. கவிதாதான் வாசித்துக் காட்டுவாள். இந்த இடத்துக்கு வரும்போது அவள் நிறுத்தித் தாத்தா முகத்தைப் பார்ப்பாள். நிறுத்தாதே கவிதா, வாசி.

கருப்பையாண்ணே, அன்னைக்கு வேலியோரம் நீங்க கேட்டதுக்கு நான் சொன்னது பொய். இருபத்து மூணு வருசமா எனக்குத் தெரியும். வெள்ளையம்மாவே எங்கிட்டச் சொன்னுச்சு.